பலி கேளாப் புதையல்

புதையல் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் முகத்தில் ஓர் ஒளி தோன்றுவதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். உழைப்பு என்றால் வாடிவிடும் முகமுங்கூடப் புதையல் என்றால் மலர்ந்துவிடுகிறது. பாட்டிமார் சொன்ன கதைகளில் அஃது ஏழு கொப்பரைகளாகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டு மண்ணுக்கடியில் ஊர்ந்து திரியும். அதனைக் காக்க ஒரு பூதம் இருக்கும். பூதம் இல்லையேல் ஒரு நாகம் இருக்கும். அமாவாசை நள்ளிரவில், "வரட்டுமா, வரட்டுமா?" என்று அது குரல் கொடுக்கும். வா என்று விடை சொன்னவரிடம் தலைச்சன் பிள்ளையைப் பலியாகக் கேட்கும். பிள்ளையைக் கொடுக்க மனம் வராதவர்களுக்கு ஆடு, கறுப்புச் சேவல், பூசணிக்காய் என்று படிப்படியாகத் தள்ளுபடியும் உண்டு. பூதத்தோடு இந்தப் பேரத்தை நடத்தித் தருவதற்கென்றே ஒரு மந்திரவாதி வருவான். வெற்றிலையில் மை தடவி, ஒரு குழந்தையை அழைத்து அதனை உற்றுப் பார்க்கச் சொல்லி, "என்ன தெரிகிறது?" என்று அதட்டுவான். குழந்தை பயத்தினாலோ பசியினாலோ எதையேனும் சொல்லிவைக்கும். அதுவே புதையலின் விலாசம் ஆகிவிடும்.

இது படிப்பில்லாத ஏழைகளின் மயக்கம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2011-ஆம் ஆண்டில், திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து அவற்றிலுள்ள பொன்னையும் மணியையும் கணக்கெடுக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அறைகள் பலவற்றைத் திறந்தவர்கள் ஒன்றை மட்டும் திறவாது விட்டனர். அதற்குப் பாம்பின் காவல் இருக்கிறது, திறந்தால் பெருங்கேடு விளையும் என்னும் பேச்சு பட்டம் பெற்றவர் வாயிலிருந்தும் வந்ததை நாம் கேட்டோம். ஆங்கிலேயர் 1878-இல் இந்தியாவுக்கு இயற்றிய புதையல் சட்டமோ, 10 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பூதத்தோடு ஒப்பிட்டால் சர்க்கார் கேட்டது சொற்பமே.

இவ்வாறிருக்க, பலியும் மையும் மந்திரமும் வேண்டாத ஒரு புதையல் இன்று உலகெங்கும் இருக்கிறது. அதனைத் தேடிப் புஞ்சாக் ஆலாம் பக்கத்துக் காட்டோரத்தில் நானும் என் துணைவியாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டோம். அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறேன். (மனைவியை "அவர்" என்று எழுதுவதைக் கண்டு புன்னகை செய்யும் அன்பர்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம். கட்டுரை முடியும்போது அவ்வளவு புன்னகை இருக்காது என்பது என் நம்பிக்கை.)

ஜியோகேஷிங் என்பது இவ்விளையாட்டின் பெயர். ஒளித்து வைக்கப்படும் பெட்டியைக் கேஷ் என்பார்கள். ரொக்கம் என்று எண்ணிவிட வேண்டா. ஒளித்து வைத்தல் என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் அது. இந்த ஒலியொற்றுமையால் எங்கள் வீட்டில் விளைந்த குழப்பத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

விளையாட்டு பிறந்த கதை சுவையானது. அமெரிக்க அரசாங்கம் தன் படைகளுக்கு வழிகாட்டும் பொருட்டுச் செயற்கைக் கோள்களை வானில் ஏவியிருந்தது. அவற்றின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கும் கொடுத்தது. ஆயினும் பால்காரன் தண்ணீர் கலப்பதுபோல அதில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து கொடுத்தது. அதனால் பொதுமக்கள் கையிலிருந்த கருவி நூறு மீட்டர் வரையில் தவறிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி நள்ளிரவில், அதிபர் கிளிண்டனின் உத்தரவால் அந்தக் கலப்படம் நின்றது. மே 3-ஆம் தேதியே, ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்னும் ஊரின் அருகே, டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் பாதி புதைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை உலகறிய வெளியிட்டார். வாளிக்குள் ஒரு பெயரேடு, ஒரு பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரைக்காய்க் கொட்டை இவை இருந்தன. மூன்றே நாளில் மைக் டீக் என்பவர் எண்களைக் கொண்டே அதைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, அங்கு வந்து சேர்வோர் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்ல ஒரு புட்டியை வைத்திருந்தார். ஆகவே ஆசை பழையது, கருவிதான் புதிது. இன்று உலகில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. 2008-இல் விண்வெளி நிலையத்திலும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள்.

விதிகள் எளியவை. பெட்டியைக் கண்டவர் ஏட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருள்களில் ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி எதையும் வைக்கலாகாது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த விதி, மண்ணைத் தோண்டிப் புதைக்கவே கூடாது என்பது. புதைக்கக் கூடாத புதையல்! நம் மந்திரவாதிகள் கேட்டால் மனமொடிந்து போவார்கள்.

வெற்றிலை மைக்கும் இந்தக் கோள்களுக்கும் என்ன வேற்றுமை, இரண்டும் காணாத பொருளைக் காட்டுகின்றனவே என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டதுண்டு. வேற்றுமை உண்டு, சற்றுப் பொறுமையோடு கேட்டால் விளங்கும். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 30 கோள்கள் நாளொன்றுக்கு இருமுறை உலகை வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்பதையே அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் கையிலுள்ள கருவி அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை அறிகிறது. நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒளியின் வேகத்தில் வரும் செய்தியாகையால், நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைன் கண்ட சார்பியல் விதிப்படி, அவ்வுயரத்தில் ஓடும் கடிகாரம் நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்திவிடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் பிழை சேரும். திருத்தியிருக்கிறார்கள், யார் வேண்டுமாயினும் கணக்கைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். மையைச் சரிபார்க்கிறேன் என்று மந்திரவாதியிடம் சொல்லிப் பாருங்கள். நமக்குச் சிரத்தை போதாது என்பான்.

இனி இடத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருப்பது புஞ்சாக் ஆலாம். மலாய் மொழியில் புஞ்சாக் என்றால் உச்சி. ஆலாம் என்றால் இயற்கை, உலகம். வரிசை வரிசையான வீடுகளும் கடைகளும், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகமும் இன்று அங்கு உண்டு. சுற்றிலும் செம்பனை. செம்பனையைச் சொன்னால், இந்நாட்டில் முதன்முதலாக அதனை வாணிபப் பயிராக இட்டதும் இம்மாவட்டமே என்பதையும் சொல்ல வேண்டும். 1917-இல், பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், தென்னமரம் என்று நம் மொழியிலேயே பெயர் பெற்ற தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை அதனை நட்டார். அவரே பின்னர் இந்நாட்டு வாழ்வை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றார். தோட்டத்துக்குப் பெயர் தந்த மக்கள் லயத்தில் இருந்தார்கள். லயத்தை எழுதிய துரைக்குப் பரிசு கிடைத்தது. இதில் அவரைக் குறை சொல்வதற்கொன்றுமில்லை. நம்மில் எழுதியவர் அப்போது யார்?

ஊருக்குத் தெற்கே புக்கிட் செராக்கா காப்புக்காடு தொடங்குகிறது. அதற்குள் நுழைய வன இலாகாவின் அனுமதிச்சீட்டு வேண்டும். நாங்கள் தேடிய பெட்டி அதற்கு வெளியே, பழைய தோட்டமும் காடும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும் ஓரத்தில் இருந்தது. அந்தக் காப்புக்காட்டில் 406 ஹெக்டருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைக் காப்பிலிருந்து நீக்கியதாக 2022 மே மாதத்தில் சிலாங்கூர் அரசிதழில் அறிவிப்பு வந்தது. அதுவும் 2000-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்தே நீங்கியதாக! காடு காணாமற்போன செய்தி காட்டுக்கு 21 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஒளித்து வைக்கும் கலையில் ஓரிகன்காரரை நம்மவர் வென்றுவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டில் இறங்கியது என் விருப்பத்தால் அன்று, துணைவியாரின் விருப்பத்தால். அதற்குக் காரணம் உண்டு.

என் மாமனார் இம்மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் 15 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலில் பால்வெட்டு, ரப்பரை அழித்துச் செம்பனை இட்ட பிறகு குலைவெட்டு. 40 ஆண்டுகள் பெரட்டுக்குப் போனவர். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. பணம் வந்த செய்தி எப்படிப் பரவுமோ தெரியாது. பத்து நாளைக்குள் மைக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். லயத்துக்குப் பின்னால், முனியாண்டி சந்நிதிக்கு நிழல் தரும் மரத்தின் வேரடியில், ஜப்பானியப் படைத்தலைவன் ஒருவன் ஓடும்போது புதைத்துவிட்டுப் போன தங்கப் பெட்டி இருப்பதாக மையில் தெரிகிறது என்றான்.

ஜப்பானியத் தங்கம் என்னும் இந்த நோய் மலாயாத் தோட்டங்களில் பழையது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இங்கு ஆண்டனர். அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தமையால் அதனை வாழைமர நோட்டு என்றார்கள். அதனைத் தகரத்தில் இட்டுப் புதைத்துச் சேமித்தவர்கள், 1945-இல் தோண்டி எடுத்தபோது அடுப்பெரிக்க மட்டுமே உதவும் காகிதத்தைக் கண்டார்கள். அதுதான் ஜப்பானியர் விட்டுச் சென்ற புதையல். எடுத்துச் சென்றதோ ஆட்களை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரும்புப்பாதை போடத் தோட்டம் தோட்டமாகத் தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டுபோயினர், திரும்பாதவர் பலர். அந்தப் பாதையோரத்து மண்ணில் நம்மவர் எலும்பு கிடக்க, இங்கே லயத்து மண்ணில் அவர்கள் பொன்னைத் தேடுகிறோம்.

மூன்று மாதம் பூசை நடந்தது. தகடு, நெய், ஆடு, சேவல், சீமைச் சாராயம் என்று 11,000 வெள்ளி கரைந்தது. அமாவாசையன்று இரவு நாலு பேர் ஏழடி தோண்டினார்கள். செம்பூரான் கல் வந்தது. அதற்கும் கீழே உடைந்த பீங்கான் மங்கு ஒன்று வந்தது; பண்டைக் காலத்தில் பால் பிடித்த மங்கு. வேறொன்றும் வரவில்லை. மைக்காரன் கண்ணை மூடினான்; திறந்தான். "இந்த வீட்டில் தீட்டு இருக்கிறது. பெட்டி நகர்ந்துவிட்டது" என்றான்.

தோண்டுகிறவர்களுக்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு குழியோரத்தில் நின்றவர், அப்போது 16 வயதினரான என் துணைவியார். அத்தனை கண்களும் அவர்மேல் திரும்பின. அவருக்கு அன்று மாதவிலக்கு. அவர் தாயார் அதை மறைக்கத் தெரியாமல் அழுதுவிட்டார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதப்பட்டது. 11,000 வெள்ளியை விழுங்கியவன் பேருந்து ஏறிப் போய்விட்டான். பொன்னை மண்ணுக்குள் துரத்திய பழி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலையில் நின்றது. மேற்படிப்புக்கு வைத்த பணமும் அதில் போயிற்று. அவர் கையுறைத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனார். அத்தை ஒருத்தி கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், "இவளால் போன தங்கம்" என்று சொல்லிக்காட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். பிறகு அவர் மாலை வகுப்பில் கணக்கியல் படித்து இன்று ஒரு கணக்கராக இருக்கிறார் என்பதை அந்த அத்தை எங்கும் சொல்லக் கேட்டதில்லை.

அன்று காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அட்டைக்கு உப்பு, குடிக்கத் தண்ணீர், கட்டுச்சோறு, கையில் ஒரு பாராங். கைப்பேசி அவரிடம் இருந்தது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பெட்டி 1,400 மீட்டர் என்று அது சொல்லிற்று. எண்கள் வடக்கு 3 பாகை என்றும் கிழக்கு 101 பாகை என்றும் தொடங்கிக் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் எழுதப்பட்டிருந்தன. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பூமியில் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தாளில் பார்க்கும்போது, நேரே போய்க் குனிந்து எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதான் என்று தோன்றும்.

முதலில் செம்பனை. மட்டைகளை வரிசைக்கிடையில் அடுக்கியிருந்தமையால் நடை எளிதாயிற்று. மோட்டார் சைக்கிளில் வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் நிறுத்தி, "என்ன தொலைந்துவிட்டது?" என்று மலாயில் கேட்டார். விளையாட்டை அறியாதவர்களிடம் இரகசியத்தை வெளியிடலாகாது என்பது மரபு. "ஒன்றும் தொலையவில்லை, நடக்கிறோம்" என்றார் துணைவியார். வேலையில்லாத நாளில் செம்பனைக்காட்டில் நடக்கிறவர்களை அவர் நெடுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வாய்க்காலைத் தாண்டியதும் நிலம் மாறிற்று. லாலான் புல், பிரம்பு முள், கொடிகள், அவற்றுக்கு மேலே பெருமரங்கள். வெயில் மறைந்தது, கொசு வந்தது. அதுவரையில் ஒழுங்காக வழி சொன்ன கருவி தடுமாறத் தொடங்கிற்று. கோள்களின் செய்தி மெல்லியது. ஈர இலைகள் அதனை மங்கச் செய்யும், மரங்களில் பட்டுச் சிதறியும் வரும். 12 மீட்டர் என்றது. இரண்டடி வைத்தோம், 19 என்றது. நின்றோம், நிற்கும்போதே 7 என்றது. முள் கிழித்த கையோடு முக்கால் மணி நேரம் அந்த வட்டத்துக்குள் சுற்றினோம். மரப்பொந்துகள், விழுந்த கட்டைகள், கறையான் புற்றுகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. புற்றின் முன்னே யாரோ மஞ்சள் துணி கட்டி ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். நாலு நம்பர் கேட்க வந்தவராக இருக்கும்.

"திரும்பிவிடலாமா?" என்றேன்.

"குறிப்பு ஒன்று இருக்குமே, அதைப் படித்தோமா?" என்றார்.

பெட்டியை வைத்தவர்கள், வழி தெரியாமல் நிற்பவர்களுக்காக ஒரு குறிப்பை எழுதி வைப்பதுண்டு. தற்செயலாகக் கண்ணில் படாதிருக்க, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 எழுத்துத் தள்ளி எழுதிவிடுவார்கள். துணைவியார் ஒரு கட்டையில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படித்தார். "அழும் மரத்தின் பின்புறம்" என்று பொருள்பட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் உடனே எழுந்துவிட்டார்.

"அழும் மரம் என்றால் பால் மரம் அல்லவா? தென்னமெரிக்கக் காட்டுவாசிகள் அதற்கு இட்ட பெயர் அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள்."

அந்தக் காட்டில் ரப்பர் மரம் எங்கே என்று நான் மேலே பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் இடுப்பு உயரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். சிறு வயதில் விடியற்காலம் தாயாரோடு போய் மங்குகளிலும் பட்டைகளிலும் ஒட்டிய கட்டிப்பாலை உரித்தவர் அவர். கொடி மூடிய ஒரு மரத்தின் முன் நின்று, பாராங்கால் கொடியை விலக்கினார். இடப்பக்கத்தில் உயர்ந்து வலப்பக்கத்தில் தாழ்ந்து இறங்கும் பழைய வெட்டுத் தழும்புகள், முண்டும் முடிச்சுமாகப் பட்டை மூடியும் மறையாமல், வரி வரியாக நின்றன. எவரோ ஒருவர் எத்தனையோ விடியல்களில் உளி பிடித்து எழுதிய வரிகள் அவை. தோட்டம் காடாகி, உடனிருந்த மரங்கள் விழுந்து, இது ஒன்று மட்டும் நின்றுவிட்டது.

அவர் மரத்தைச் சுற்றிப் பின்புறம் போய்க் குனிந்தார். இரண்டு வேர்களுக்கிடையில் சாய்த்து வைத்த பட்டைத் துண்டை எடுத்தார். உள்ளே, பச்சை நிற நாடா சுற்றிய ஓர் உணவு டப்பா இருந்தது.

டப்பாவைத் திறந்தபோது உள்ளிருந்தவற்றை எழுதிவைக்கிறேன்: நனையாத பைக்குள் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், வெளிநாட்டு நாணயம் ஒன்று, பிளாஸ்டிக்கால் ஆன இராட்சதப் பல்லி, சக்கரம் ஒன்று போன பொம்மை வண்டி, நீலநிறக் கோலிக்குண்டு. மொத்தமும் விற்றால் ஒரு தேநீர் வாங்கலாம். குறிப்பேட்டில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் பெயர்கள். செர்மனியிலிருந்து வந்தவர், சிங்கப்பூரிலிருந்து வந்தவர், நம் நாட்டினர். கடைசிப் பெயர் ஐந்து மாதத்துக்கு முன் எழுதப்பட்டது.

நான் தோட்டத்தில் கிராணி. பெயர் எழுதுவதும் எழுதுவிப்பதும் என் அன்றாட வேலை. பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர், அடையாள அட்டை எண், இனம், சமயம், வந்த தேதி, நின்ற தேதி, பிடித்தம் என்று கட்டங்கள் நீளும். பழைய செக்ரோல் ஏடுகளில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதையும், அந்த மூன்றெழுத்துப் பிழையால் அவர் பேரப்பிள்ளைகள் பத்திரம் கிடைக்காமல் அலைவதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் குறிப்பேட்டிலோ கட்டமே இல்லை. வந்தாய், கண்டாய், தேதி போடு. அவ்வளவே அது கேட்கிறது. துணைவியார் பென்சிலைக் கூர்செய்துகொண்டு, தம் பெயரைத் தமிழில் எழுதினார். எழுதிவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு. அட்டை கடித்துவிட்டதோ என்று நான் பதறினேன்.

"இன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள்" என்றார். "பெட்டி நகரவே இல்லை பாருங்கள்!"

இதை எழுதலாமா என்று பின்னர் அவரிடமே கேட்டேன். எழுதாவிட்டால்தான் கோபம் வரும் என்றார். ஆகையால் எழுதினேன்.

கோலிக்குண்டை அவர் எடுத்துக்கொண்டார். ஈடு வைக்க வேண்டுமே! மரத்தடியில் கிடந்த ரப்பர்க்கொட்டைகளில் புள்ளி நன்றாய் விழுந்த இரண்டைத் துடைத்து உள்ளே வைத்தார். சிறுவயதில் அதைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்திலிருப்பவர் தொடையில் வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கோலிக்குண்டுக்கு அது ஈடாகுமா என்று நான் சட்டம் பேசினேன். 1876-இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 கொட்டைகளைக் கொண்டுபோனதையும், அவற்றில் முளைத்தவற்றுள் 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததையும், அந்த 22 நாற்றுகளால்தான் எங்கள் இருவர் குடும்பமும் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். கோலிக்குண்டுக்காரர்தாம் நமக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று முடித்தார். கணக்கரோடு கணக்கில் வாதாடுவது வீண்.

பட்டைத் துண்டைப் பழையபடி சாய்த்து வைத்துவிட்டுச் சோற்றை அவிழ்த்தோம். மழை இருட்டிற்று. திரும்பும் வழியில் மூன்று அட்டைகள் என் காலைக் கண்டுபிடித்தன; அவற்றுக்குக் கோள் எதுவும் தேவைப்படவில்லை.

மாலையில் மாமனார் வீட்டுக்குப் போனோம். அவருக்கு இப்போது 72 வயது. கேஷ் கிடைத்தது அப்பா என்று மகள் சொன்னதும் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்துவிட்டார்.

"எவ்வளவு?" என்றார்.

ரொக்கம் அன்று என்று விளக்கிச் சொல்லிப் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பல்லி பொம்மையை விட்டுவிட்டு மரத்தையே பார்த்தார். "கை சுத்தமான வெட்டு. மரத்துக்குக் காயமே இல்லை" என்றார். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, இந்தக் கருவி நம் முனியாண்டி மரத்தடியையும் காட்டுமா?" என்று கேட்டார்.

நான் விடை தேடுவதற்குள் மகள் சொல்லிவிட்டார்: "காட்டும் அப்பா. யாராவது வைத்திருந்தால் காட்டும்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கோலிக்குண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது.